சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம்... புதுக்கோட்டையில் இரண்டு சக்கரத்தில் ஒரு சுற்று!

சைக்கிளை ஏன் பிடிக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். உடம்புக்கு நல்லது என்பார் ஒருவர். பெட்ரோல் செலவு மிச்சம் என்பார் இன்னொருவர். விடியற்காலைக் காற்று முகத்தில் அடிக்கும் சுகத்துக்கு ஈடே இல்லை என்பார் மற்றொருவர். எல்லாமே உண்மைதான்.

ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில், ஐம்பது வயதைத் தாண்டிய பல பெண்களுக்கு சைக்கிள் என்றால் அர்த்தமே வேறு. பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம், வீட்டு ஆம்பளைக்காகக் காத்திருக்க வேண்டாம், யாருடைய தயவுக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் சைக்கிள்.

சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை சிற்பம், திருமயம் கோட்டை என்று பார்ப்பதற்குப் புதுக்கோட்டையில் எவ்வளவோ இருக்கின்றன. காரில் போனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால், இந்த ஊர்ச் சாலைகளுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. அது சைக்கிளில் போகிறவர்களுக்குத்தான் சரியாகப் புரியும்.

ராஜ வீதிகளில் ஒரு மிதி

பயணத்தைப் புதுக்கோட்டை நகரத்துக்குள்ளிருந்தே தொடங்கலாம். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என்று நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் தெருக்கள். தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்த ஊர் இது. 1878 முதல் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியின் காலத்தில்தான் நகரம் இந்த ஒழுங்கைப் பெற்றது. சந்து பொந்துகளில் சிக்கித் தவிக்காமல், சைக்கிளை விட்டால் நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம்.

நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது திருக்கோகர்ணம். குடைவரைக் கோயிலும் பிரகதாம்பாள் சந்நிதியும் உள்ள இடம். சமஸ்தானம் தனக்கென்று வெளியிட்ட குட்டிக் காசில் இந்த அம்பாளின் உருவம்தான் இருந்தது. அதனால்தான் அதற்கு ‘அம்மன் காசு’ என்று பெயர். 1910-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகமும் திருக்கோகர்ணத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம்.

இந்த ஊர்ப் பெண்களின் கதையை 1991-லிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால், அதற்கும் முன்னால் ஒரு பெயர் உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் படிக்க விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதித்ததால் இடம் கிடைத்தது. பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாக நாடே அறிந்தவர் அவர்தான். படிக்கப் போவதற்கே ஒரு பெண் போராட வேண்டியிருந்த ஊரில், எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சைக்கிளில் போவதற்கும் ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

அறிவொளியோடு வந்த சைக்கிள்

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே இருக்கக் கூடாது என்பது இலக்கு. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். இரவில் திண்ணையிலும் மரத்தடியிலும் கோயில் வாசலிலும் வகுப்புகள் நடந்தன. படிக்க வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். சொல்லிக்கொடுத்தவர்களிலும் பெண்கள் ஏராளம்.

இங்கேதான் ஒரு சிக்கல். பாடம் எடுக்கிற பெண் ஒரு ஊரில் இருப்பார், வகுப்பு அடுத்த ஊரில் நடக்கும். வானம் பார்த்த பூமியான இந்த மாவட்டத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே நீண்ட பொட்டல். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பகலிலேயே தனியாகப் போகத் தயங்கும் பெண், இரவு வகுப்புக்கு எப்படிப் போவார்? அண்ணனோ புருஷனோ கொண்டுவந்து விட வேண்டும். அவர்களுக்கு நேரமில்லை என்றால் அன்றைக்கு வகுப்பும் இல்லை.

எழுத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, நடமாட்டத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் ஆட்சியர். சைக்கிள் பயிற்சி அறிவொளியின் ஒரு பாடமாகவே ஆனது. பெண்கள் சைக்கிள் வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு பாட்டே எழுதினார். ஊர் ஊராக அந்தப் பாட்டு பரவியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானமும் களத்துமேடும் பயிற்சிக்கூடமாயின. ஒருத்தி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு திணறுவாள். இன்னொருத்தி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். நேற்று கற்றுக்கொண்டவள் இன்றைக்கு வாத்தியார். விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

கேலிக்கும் பஞ்சமில்லை. சேலை கட்டிய பெண் சைக்கிள் ஏறினால் ஆபாசமாகப் பேசியவர்கள் உண்டு. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று திண்ணையில் உட்கார்ந்து நியாயம் பேசியவர்கள் உண்டு. ஆனால், ஒருத்தி ஓட்டினால்தான் அது வேடிக்கை. ஊரே ஓட்டினால் யார் யாரைக் கேலி செய்வது? கூட்டமாகக் கற்றுக்கொண்டதுதான் அந்தப் பெண்களுக்கு வேலியாக இருந்தது.

1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியை அடித்துக்கொண்டு, 1,500-க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். ஊரே வாயடைத்து நின்றது. கிராமப்புறப் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1996-ல் வெளியான அவருடைய ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ புத்தகத்தில் புதுக்கோட்டையின் இந்தக் கதையும் இருக்கிறது.

பார் வைத்த சைக்கிள்தான் வேண்டும்!

அப்போது நடந்த ஒரு விஷயம் சைக்கிள் பிரியர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மாவட்டத்தில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஒரு கடையில் மட்டும் ஒரே ஆண்டில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவிகிதத்துக்கு மேல் ஏறியதாக சாய்நாத் எழுதுகிறார். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்த பிறகுதான் அதில் ஒரு சௌகரியம் தெரிந்தது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் அந்த பார். அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் அரிசி மூட்டையோ விறகுக் கட்டோ வைக்கலாம். இரண்டு பக்கமும் குடத்தைத் தொங்கவிட்டால் தண்ணீரும் வந்துவிடும். சேலையோடு காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதுதான் கஷ்டம். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துப் பழகிக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைத்த பிறகும் ‘பார் வைத்ததுதான் வசதி’ என்று ஜென்ட்ஸ் சைக்கிளை விடாதவர்கள் பலர்.

சின்ன கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். எட்டு கிலோமீட்டரை நடந்து கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சைக்கிளில் அரை மணி, முக்கால் மணி. போக வர மட்டுமே இரண்டரை மணி நேரம் மிச்சம். விடிந்தது முதல் அடைந்தது வரை தண்ணீர், விறகு, களை, கூலி, அடுப்பு என்று ஓடுகிற ஒரு பெண்ணின் நாளில் இரண்டரை மணி நேரம் என்பது சின்ன விஷயமா?

காசுக் கணக்கும் உண்டு. விளைந்த காய்கறியை விற்க பஸ்ஸை நம்பியிருந்தபோது, முதலில் புருஷனோ அண்ணனோ அப்பாவோ பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரே ஊருக்குத்தான் போக முடியும். கடைசி பஸ் போய்விடுமே என்ற பயத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். சொந்த சைக்கிள் வந்த பிறகு இந்த ஊரில் விற்காவிட்டால் அடுத்த ஊர். விலை படியவில்லை என்றால் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பேரம் பேசுகிற தைரியம் அங்கிருந்துதான் வந்தது.

சித்தன்னவாசல் சாலை

இனி ஊருக்கு வெளியே. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் 16 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். செம்மண், தைலமரக் காடு, நடுநடுவே கண்மாய், கரையில் பனை. பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. பழக்கமில்லாதவர்களும் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

காரில் போனால் கண்ணாடிக்கு வெளியே கண்மாய் ஒரு நொடியில் ஓடிவிடும். சைக்கிளில் அப்படியில்லை. கண்மாய் நெருங்குவது முதலில் காற்றில் தெரியும். வெக்கை குறையும். பிறகு கொக்கு தெரியும். கரையோரம் மேயும் ஆட்டின் கழுத்து மணி கேட்கும். எதிரே வருகிறவர் எந்த ஊர் என்று கேட்பார். நின்று பதில் சொல்லிவிட்டுப் போகலாம். சைக்கிள் பிரியர்கள் சைக்கிளை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஊரைப் பார்க்கிற அளவுக்கு மெதுவாகவும், ஊர் விட்டு ஊர் போகிற அளவுக்கு வேகமாகவும் போகிற வண்டி இது ஒன்றுதான்.

சித்தன்னவாசலில் சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. பாண்டியர் காலம், 9-ம் நூற்றாண்டு. குளத்துக்குள் மீன், பறவை, எருமை, யானை. நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். தூண்களில் நடன மங்கையர். காலமும் மனிதர்களும் சேர்த்து நிறையவே அழித்துவிட்டார்கள். மிச்சமிருப்பதைப் பார்க்கவே கண் கோடி வேண்டும். வெளியே கண்மாயைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களுக்கு, உள்ளே விதானத்தில் இருப்பதும் இந்த மண்ணின் குளம்தான் என்று தோன்றாமல் போகாது.

குன்றின் இன்னொரு பக்கம் ஏழடிப்பட்டம். துறவிகள் தங்கிய இயற்கைக் குகை. பாறையை வழவழவென்று தேய்த்துச் செய்த கற்படுக்கைகள், அதில் தமிழி எழுத்துக் கல்வெட்டு. 2,000 ஆண்டுப் பழைமை கொண்டது. மேலே ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொட்டலும் பச்சையுமாக விரியும் மாவட்டம். ஊருக்கும் ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கும்.

குடுமியான்மலை: கல்லில் இசை, கல்லோடு வாழ்வு

அன்னவாசல் தாண்டிப் போனால் குடுமியான்மலை. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சிவலிங்கத்துக்கே குடுமி இருக்கும் சிகாநாதசுவாமி கோயில். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அர்ச்சகரைக் காப்பாற்ற, இறைவனே குடுமியோடு காட்சி தந்தான் என்பது தலபுராணம். மண்டபத்துத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள். மலையைக் குடைந்த மேலைக்கோயிலுக்குப் பக்கத்தில், பாறையில் செதுக்கிய புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் அறிஞர்கள். பாட்டின் சுரங்களையே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதே குடுமியான்மலைப் பக்கம் கல் உடைத்துப் பிழைத்த பெண்களும் அந்த 1990-களில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். குவாரிகள் ஊரை விட்டு ஒதுக்குப்புறமாக இருப்பவை. நாள் முழுக்கக் கல் உடைத்துவிட்டு, பிறகு மைல் கணக்கில் நடப்பது எப்படியிருக்கும்? மாவட்டத்தில் சில குவாரிகள் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்ட காலமும் அதுதான். குத்தகை எடுத்தால் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலைய வேண்டும். கையெழுத்துப் போடப் படிப்பு, கையெழுத்துப் போடப் போவதற்கு சைக்கிள் என்று இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன.

கூலித் தொழிலாளிகள், கிராம செவிலியர்கள், பால்வாடி ஆசிரியைகள், சத்துணவுப் பணியாளர்கள், ஜெம் கட்டிங் எனப்படும் செயற்கைக்கல் பட்டை தீட்டும் பெண்கள், பள்ளி ஆசிரியைகள் என்று சைக்கிள் கற்றுக்கொண்டவர்களின் பட்டியல் நீளமானது. சாதியும் வேலையும் வேறு வேறாக இருந்தாலும், மைதானத்தில் விழுந்து எழுந்தபோது எல்லோர் முட்டியிலும் ஒரே செம்மண்தான்.

நேரம் இருப்பவர்கள் திருச்சி சாலையில் நார்த்தாமலைக்கும் ஒரு மிதி மிதிக்கலாம். பாறைமேல் தனியாக நிற்கும் விஜயாலய சோழீச்சரம், மாலை வெயிலில் பார்க்க வேண்டிய கோயில். தெற்கே 20 கிலோமீட்டரில் திருமயம் கோட்டை. மேலே ஏறினால் பீரங்கி, கீழே அருகருகே சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைகள். விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான்.

இப்போது எங்கே அந்த சைக்கிள்கள்?

நியாயமான கேள்வி. இன்றைக்குப் புதுக்கோட்டைச் சாலைகளில் சைக்கிளைவிட ஸ்கூட்டரும் டி.வி.எஸ் எக்ஸ்.எல்லும்தான் அதிகம். அவற்றை ஓட்டுகிறவர்களில் பெண்கள் ஏராளம். அதை சைக்கிளின் தோல்வி என்று சொல்ல முடியாது. சைக்கிளில் பேலன்ஸ் பழகிய கைதானே அடுத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறது!

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கற்றுக்கொண்ட எல்லோருக்கும் சொந்த சைக்கிள் வாய்க்கவில்லை. வீட்டில் ஒரே சைக்கிள் இருந்தால், அது யாருக்கு முதலில் என்ற கேள்வியில் பெண்கள் பல வீடுகளில் தோற்றார்கள். இயக்கத்தின் வேகம் தணிந்த பிறகு, ஓட்டத் தெரிந்தும் ஓட்டாமல் போனவர்கள் உண்டு. கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். வண்டி அவள் கையில் இருக்க வேண்டும் என்பது மீதி.

அந்த மீதியை ஓரளவு செய்தது பள்ளிக்கூடம். தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம், 2001-ம் ஆண்டுவாக்கில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகாரில் 2006-ல் மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்தபோது என்ன நடந்தது என்று பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவிகிதம் கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவிகிதம் குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். புதுக்கோட்டைப் பெண்கள் முட்டி பெயர்ந்து கண்டுபிடித்ததை, பிற்பாடு புள்ளிவிவரமும் ஒப்புக்கொண்டது.

காலை எட்டரை மணிக்கு அன்னவாசல் சாலையில் நின்றால் இதை நேரிலேயே பார்க்கலாம். ரெட்டைச் சடை, முதுகில் பை, முன்கூடையில் சாப்பாட்டுப் பை. மூன்று, நான்கு பேராகச் சேர்ந்து, சாலையை அடைத்துக்கொண்டு பேசியபடியே போகிற மாணவிகள். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஓரம் ஒதுங்கி, மறுபடியும் பழையபடி சேர்ந்துகொள்வார்கள். அவர்களை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண் சைக்கிள் ஓட்டுவது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. அவர்களுடைய அப்பத்தாக்கள் சம்பாதித்துக் கொடுத்த பெரிய சொத்து அந்தச் சாதாரணம்தான்.

சைக்கிளில் சுற்ற விரும்புகிறவர்களுக்கு...

* டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் பாறைப் பக்கம் வரவே கூடாது. எந்த மாதமானாலும் விடிவதற்குள் கிளம்பி, பதினொரு மணிக்குள் நிழலில் ஒதுங்கிவிடுவது நல்லது.

* சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயில் பாதையில், திருச்சிக்கு அடுத்து வரும் பெரிய நிலையம் புதுக்கோட்டை. சைக்கிளை ரயிலில் பார்சலாகப் பதிவு செய்து கொண்டுவரலாம். மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கொடுத்த கடைகளை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும்.

* முதல் நாள் சித்தன்னவாசல், குடுமியான்மலை. அடுத்த நாள் திருமயம். இப்படிப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிலோமீட்டர்தான் வரும். கியர் சைக்கிள் அவசியமில்லை.

* திருச்சி, காரைக்குடி நெடுஞ்சாலைகளில் வண்டிகள் வேகமாக வரும். முடிந்தவரை கிராமச் சாலைகளில் போவதே பாதுகாப்பு. பின்பக்கம் சிவப்பு ஒளிர்பட்டை கட்டாயம்.

* பங்க்சர் ஒட்டும் சாமான், சின்ன பம்ப், இரண்டு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். நடுவில் வரும் பொட்டலில் கடை இருக்காது.

* சித்தன்னவாசல் குகைக்குள் ஓவியத்தைத் தொடாதீர்கள். பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வழியில் டீக்கடையில் நிறுத்தும்போது, அங்கே டீ ஆற்றுகிற அம்மாவுக்கு ஐம்பது, அறுபது வயது இருந்தால், சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். எந்த மைதானத்தில் விழுந்தார், யார் கேரியரைப் பிடித்தார்கள், முதன்முதலாகத் தனியாக எந்த ஊருக்குப் போனார் என்று ஒரு கதை கிடைக்கக்கூடும். எந்த சுற்றுலாக் கையேட்டிலும் அந்தக் கதை இருக்காது.